பூல்மணியின் போனை எடுத்தவன் நான்

நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் அடிமைகளை வைத்து வேலை வாங்கக் கற்றுக்கொண்டேன். கற்றதை, உயிரோடு இருக்கிற எட்டுப் பெண்களிடம் செய்து பார்த்தேன். பலித்தது.

சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அது எப்படி நடந்தது என்பது... முதல் வரியிலேயே உங்களுக்கு என்மேல் அருவருப்பு வந்திருந்தால் அது நியாயம். அருவருப்போடே படியுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கெட்ட விளையாட்டு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால், யாரோ எனக்கு விஷம் ஊட்டியது போல ஆகிவிடும். யாரும் ஊட்டவில்லை. அதில் எது நன்றாக இருந்தது, எது மோசமாக இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விளையாடினேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் லேத் பட்டறை, கொச்சியில் ஓட்டல், புனேவுக்கு வெளியே ஒரு முறுக்கு கம்பெனி... எங்கேயும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. தாம்பரத்துக்கு வந்ததற்கும் பெரிய காரணம் இல்லை. ரயில் நின்றது, இறங்கிவிட்டேன். மேற்குத் தாம்பரத்தில் தாஸ் என்பவனோடு ஒரே அறையில் தங்கினேன். பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். விளையாட்டு அவனுடைய பழைய லேப்டாப்பில்தான் இருந்தது.

"மச்சான், இது பெரியவங்க கேமு. கதவச் சாத்து" என்றான்.

"இன்னா கீது இதுல?"

"நீ ஒரு ஜமீன்தாரு. சந்தைக்குப் போற, ஆள வாங்கினு வர்ற, வேல வாங்கற. ராத்திரி வேற வேலயும் வாங்கிக்கலாம்" என்று சிரித்தான். "உனக்குப் பொறும ஜாஸ்தி. நீ நல்லா ஆடுவ."

அவன் சொன்னதைவிட அது பெரியது. கதை நம் உலகத்தில் நடப்பதில்லை. மந்திரவாதிகளும் கொம்பு முளைத்தவர்களும் நீளக் காதுக்காரிகளும் வாழும் ஒரு நகரம். உங்களுக்கு ஒரு பாழடைந்த மாளிகை கிடைக்கிறது, கையில் கொஞ்சம் தங்கம். சந்தையில் ஒருத்தியை வாங்குகிறீர்கள். காலையில் அவளுக்கு வேலை ஒதுக்க வேண்டும்: சமையல், காடு, சுரங்கம். பிறகு நாளை முடிப்பதற்கு ஒரு பொத்தான். அமுக்கினால், அன்றைக்கு என்ன சம்பாதித்தாள், எவ்வளவு தின்றாள், மனது எப்படி இருக்கிறது என்று திரையில் வரும்.

படுக்கையறைக் காட்சிகளுக்காகத்தான் ஆரம்பித்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளையாட்டிலேயே மட்டமான பகுதி அதுதான். எல்லோருக்கும் அதே நாலு வரி, பெயர் மட்டும் மாறும். கொஞ்ச நாளில் படிக்காமலே தாண்டிப் போனேன். சண்டைகளும் சுமார். காட்டில் ஓநாய் வரும், நீங்கள் பொத்தானை அமுக்குவீர்கள், ஓநாய் சாகும்.

என்னைப் பிடித்துவைத்தது நிர்வாகம்.

ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் கலர் பட்டைகள் இருக்கும். உடம்புக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று, விசுவாசத்துக்கு ஒன்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அந்தப் பட்டைகளில் படித்ததுதான். அடித்தால் பயம் ஏறும், விசுவாசம் இறங்கும். ரொம்பவும் கொஞ்சினால் வேலை படுத்துவிடும். ரோஷக்காரியை அடித்துப் பயனில்லை, பொறுப்புக் கொடுத்தால் வழிக்கு வருவாள். பயந்தவளுக்குத் தனி அறை கொடுத்தால் போதும். ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் உண்டு, அதைத் தொட்டால் திறந்துகொள்வாள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. தங்கம் குறைவாக இருக்கும் ஆரம்ப நாட்களில், தானியம் தீரும் சமயம் பார்த்து ஒருத்தி காய்ச்சலில் படுத்தால், எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை உருவாக்கியவன் மூளைக்காரன். அந்தப் பதற்றம்தான் அதன் பலம்.

நடுவில்தான் அது தொய்ந்துபோகும். விசுவாசப் பட்டை ஒருமுறை நிரம்பிவிட்டால் அப்புறம் இறங்கவே இறங்காது. என்ன செய்தாலும் சிரிப்பாள். பணமும் சேர்ந்துவிடும், கவலைப்பட ஒன்றும் இருக்காது. தப்பு செய்ய பயமும் இல்லை, ஏனென்றால் செய்வதற்கு முன்னால் விளையாட்டைச் சேமித்துவைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் பழைய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். நான் எதைச் செய்வதற்கு முன்னாலும் சேமித்துவைப்பேன். பழகிப்போன கை...

இந்தக் கை பழகிய காலத்தில்தான் எனக்கு லாண்டரியில் வேலை கிடைத்தது.

மேடவாக்கத்தில் மெயின்ரோட்டை விட்டு உள்ளே போனால், தண்ணீர் லாரிகள் திரும்ப முடியாமல் திணறும் ஒரு தெரு. அதன் கடைசியில் இருந்தது. சட்டை தேய்த்துத் தரும் கடை இல்லை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் பெட்ஷீட்டும் டவலும் மூட்டை மூட்டையாக டெம்போவில் வரும். துவைத்து, உலர்த்தி, ரோலரில் விட்டுத் தேய்த்து, மடித்து அனுப்ப வேண்டும். ரோலர் என்பது கொதிக்கிற ஒரு உருளை. இரண்டு பேர் ஷீட்டின் இரண்டு முனையையும் பிடித்து அதற்குள் கொடுக்க வேண்டும். அங்கே அரை நாள் நின்றால் முகம் வெந்துபோகும்.

எட்டுப் பெண்கள். எல்லோரும் ஜார்க்கண்ட், வெவ்வேறு கிராமம். மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். நான் சூப்பர்வைசர். எனக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் முதலாளி எடுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. குரல் உயர்த்திப் பேச மாட்டார். "எப்பிடியோ பாத்துக்கப்பா. எனக்கு ஷீட்டு டைமுக்குப் போணும்" என்பார். அவ்வளவுதான் அவர் சட்டம்.

போன் விஷயம் எனக்கு முன்பிருந்தே உண்டு. ஆவியிலும் தண்ணீரிலும் கெட்டுப்போகும் என்று சொல்லி, காலையில் எல்லோருடைய போனையும் அணைத்து என் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போடச் சொல்லுவார்கள். சாயந்திரம் திருப்பிக் கொடுப்பார்கள். நான் வந்த பிறகு, திருப்பிக் கொடுப்பதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மாற்றினேன். வெளியாள் பேச்சு கீழ்ப்படிதலைக் குறைக்கும் என்று விளையாட்டில் வரும். அதை அப்படியே செய்தேன்.

ஏன் செய்தேன்? புனே முறுக்கு கம்பெனியில் என்னையும் இப்படித்தான் வைத்திருந்தார்கள். எழுந்திருக்கவில்லை என்றால் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பார்கள். அது எனக்குப் பெரிய துக்கமாகவும் இருந்ததில்லை, வேலை என்றால் அப்படி என்று நினைத்தேன். அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. டப்பாவுக்குள் போன போனின் பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எட்டுப் பேரும் ஒரே பானையில் சமைப்பார்கள். வேலை முடிந்ததும் மாடியில் வட்டமாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி எடுத்துத் தின்று... ரோலர் வேலையையும் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் பங்கிட்டுக்கொள்வார்கள். யாருக்கு மாதக் கஷ்டம், யாருக்குத் தலைவலி என்று அவர்களுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அவர்கள் ஊரில் கரம் பூஜை என்று ஒன்று. மரக்கிளை ஒன்றை நட்டு ராத்திரி முழுக்க ஆடுவார்களாம். அதற்கு ஒரு நாள் லீவு கேட்டார்கள். முதலாளி முடியாது என்றார். மறுநாள் காலையில் எட்டுப் பேரும் ஈரத் துணி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். கத்தவில்லை. பூல்மணி மட்டும் பேசினாள். முப்பது வயது இருக்கும். ஓரளவு தமிழ் அவளுக்குத்தான் தெரியும்.

"அண்ணா, ஒரு நாள். ஒரு கிளை. வேற ஒண்ணும் வேணா."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பூல்மணியைப் பார்த்தேன். மற்ற ஏழு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் பிடித்தவள் எவளோ, அவளைத் தலைவி ஆக்கிவிட வேண்டும். மற்றவர்களின் கீழ்ப்படிதல் ஏறும். அவள் மனது இறங்கும், ஆனால் அதைப் பரிசு கொடுத்துச் சரிக்கட்டலாம். விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது.

அரை நாள் லீவு வாங்கித் தந்தேன். மறுநாளே பூல்மணியை ஹெட் ஆக்கினேன். கொட்டகையில் அவளுக்குத் தனியாக ஒரு தடுப்பு, ஒரு ஃபேன். போனை அணைக்க வேண்டாம் என்று சலுகை. அதையும் டப்பாவில்தான் வைக்க வேண்டும், ஆனால் சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். இனிமேல் ரோலரில் யார் நிற்பது என்று அவள்தான் சொல்வாள். அதாவது, யார் என்று நான் அவளிடம் சொல்வேன், அவள் வாய் சொல்லும்.

முதல் வாரமே ஏத்வாரி பெயரைச் சொன்னேன். ஏத்வாரி அவளுக்கு அக்கா மாதிரி. ஒரே பாயில் படுத்தவர்கள்.

"அண்ணா, அவளுக்குக் கை வெந்து போச்சு. வேற ஆள் போடு."

"நீ ஹெட்டும்மா. ஹெட்டு பாரபட்சம் பாத்தா மத்தவங்க இன்னா நெனப்பாங்க?"

போய்ச் சொன்னாள். ஏத்வாரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோலருக்குப் போனாள். அடுத்த வாரமும் அவள்தான். அதற்கடுத்த வாரமும்... ஒருநாள் சாயந்திரம் மாடிக்குப் போனபோது ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பூல்மணி தட்டோடு மாடிப்படியில் இருந்தாள்.

துணி முன்பைவிடச் சீக்கிரம் போனது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். "நீ எந்தக் காலேஜ்லப்பா மேனேஜ்மென்ட் படிச்ச?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கல்யாண சீசன் வந்தது. ஓட்டல்களெல்லாம் நிறைந்து, மூட்டைகள் வாசல் வரை குவிந்துகிடந்தன. ஒரு புதன்கிழமை மத்தியானம் டப்பாவுக்குள் ஒரு போன் அடித்தது. அணைக்காத போன் ஒன்றுதான். எட்டுப் பேரில் அவளுக்கு மட்டும் நான் கொடுத்த சலுகை.

நிற்கும், மறுபடி அடிக்கும். எடுத்தேன்.

பூல்மணியின் தம்பி. அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் கையை விரித்துவிட்டார், அக்காவை உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்று இந்தியில் சொன்னான். நீங்கள் யார் என்று கேட்டான். சூப்பர்வைசர் என்றேன். "அம்மா பேசணும்னு சொல்லுது, அக்காகிட்ட போனைக் கொடுங்க" என்றான். கொடுக்கச் சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல், போனை அங்கே யார் வாயருகிலோ வைத்துவிட்டான்.

"பூலோ... ஏ பூலோ..."

அதற்குமேல் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னது அந்தக் குரல். எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன். இருபதடி தள்ளி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பூல்மணி ஷீட் எண்ணிக்கொண்டிருந்தாள். தட்டினால் திரும்பிப் பார்ப்பாள்.

நான் தட்டவில்லை. வேலையில் இருக்கிறாள், சாயந்திரம் சொல்கிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த விளையாட்டின் பெரிய ஓட்டை எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சந்தையில் வாங்கும் ஒருத்திக்கும் அம்மா கிடையாது. யாரும் தேடி வர மாட்டார்கள். எவள் பெயரையும் யாரும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டார்கள். அத்தனை பட்டைகள் வைத்தவன் இதற்கு ஒன்று வைக்கவில்லை... அதனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது, தெரிந்ததைச் செய்தேன். கணக்குப் போட்டேன். இவள் போனால் ரோலரில் பழையபடி ஆகிவிடும். ஏழு பேரும் துணிந்துவிடுவார்கள். ஆர்டர் ஞாயிறோடு முடிகிறது. திங்கள் சொல்லலாம்.

போனை அணைத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் அவள் டப்பாவைத் தேடினாள்.

"ஆவி பட்டு சார்ஜ் போடற எடம் போயிடுச்சும்மா. தாம்பரத்துல ரிப்பேருக்குக் குடுக்கறேன்."

"எப்போ வரும் அண்ணா?"

"ரெண்டு நாள்ல."

"ஞாயித்துக்கெழம அம்மா பேசும்."

"அதுக்குள்ள வந்துடும்."

"சரி அண்ணா" என்றாள். எவ்வளவு ஆகும் என்றும் கேட்டாள், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

அறையில் தாஸ் என் பையில் அந்தப் போனைப் பார்த்துவிட்டான். பின்பக்கம் பூப்போட்ட கவர்.

"இன்னா மச்சான், லேடீஸ் போனு? செட்டாயிடுச்சா?"

சொன்னேன். அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். சிரிப்பு போய்விட்டது.

"சொல்லிட்றா. ஆத்தா மேட்டர்டா அது."

"திங்கக்கெழம சொல்லிடுவேன். ஆர்டர் முடியட்டும்."

"கெழவி திங்கக்கெழம வரைக்கும் தாங்குமா?"

"நம்ம கையிலயா கீது?"

"உன் பையிலதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவனும் அதே விளையாட்டை ஆடியவன்தான். என்னைவிட அதிகமாகவே ஆடியிருக்கிறான். ஆகவே விளையாட்டின்மேல் பழியைப் போட எனக்கு வழி தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மற்ற ஏழு பேருக்கும் போன் கொடுத்தேன். மாடியில் ஆளுக்கொரு மூலையில் நின்று பேசினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். பூல்மணி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, உன் போன்ல பேசட்டா? தம்பி நம்பர் மனசுல இருக்கு."

"ரீசார்ஜ் முடிஞ்சு போச்சும்மா."

ஏத்வாரி பத்தடி தூரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பூல்மணி அவளைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஒரு எட்டு எடுத்து வைத்தாள்... நின்றாள். தினமும் ரோலருக்குப் போ என்று சொன்ன வாயால் போனைக் கொடு என்று எப்படிக் கேட்பாள்? திரும்பிப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க மாட்டாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். கேட்க முடியாதபடி அவளைச் செய்துவைத்தவனே நான். அவள் நின்ற அந்தக் கணத்தில், என் கணக்கு சரியாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ரொம்ப யோசித்தேன். இந்தத் திருப்திதான் என் குற்றம். போனை ஒளித்ததுகூட அதற்கு அடுத்தபடிதான்.

அன்று அறைக்குப் போய் அவள் போனைத் திறந்தேன். பூட்டுப் போடத் தெரியாதவள். தம்பி எத்தனையோ முறை கூப்பிட்டிருந்தான். கடைசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். தரையில் ஒரு உருவம், மஞ்சள் பூ, கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும் சனங்கள். அன்று சாயந்திரம்தான் உயிர் போயிருக்கிறது. புதன்கிழமை தட்டியிருந்தால், வியாழன் ரயிலில் ஏறியிருந்தால், அவள் சனிக்கிழமை அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்திருப்பாள்.

பழைய இடத்துக்குப் போக என் விரல் எதையோ தேடியது என்று சொன்னால் நம்புவீர்களா? வெறும் போன்...

அப்போதாவது மனுஷனாக நடந்தேனா? இல்லை. விளையாட்டில், கெட்ட செய்தியைப் பரிசோடு சேர்த்துச் சொன்னால் விசுவாசம் இறங்காது, சில சமயம் ஏறவும் செய்யும். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு வெளிர்நிறச் சேலை வாங்கினேன். தட்காலில் டிக்கெட் எடுத்தேன். முதலாளியிடம் கேட்டுக் கையில் கொடுக்கப் பணம் வாங்கினேன். புதன்கிழமை அழைப்பைப் போனிலிருந்து அழித்தேன். எல்லாம் தயாரான பிறகு அவளைக் கூப்பிட்டு, போன் இப்போதுதான் ரிப்பேர் முடிந்து வந்தது, திறந்ததும் இது வந்திருந்தது என்று படத்தைக் காட்டினேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கி, முகத்தை மட்டும் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோலரை விட்டு ஓடிவந்தது ஏத்வாரி. பின்னாலேயே மற்றவர்கள். ஏழு பேரும் அவளைச் சுற்றி அப்படியே கவிந்துகொண்டார்கள். நான் டிக்கெட்டையும் சேலையையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

சாயந்திரம் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டேன். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தேன். பிளாட்பாரத்தில், அத்தனை கூட்டத்தில், குனிந்து என் காலைத் தொட்டாள்.

"நீ நல்லவன் அண்ணா" என்றாள்.

தொட விட்டேன்.

அடுத்த சில நாட்கள் நான் அந்த விளையாட்டைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். திருந்திவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று தெரியும். புது மாளிகை, புது ஆட்கள். இந்த முறை யாரையும் தலைவி ஆக்காமல் ஆடிப் பார்த்தேன். அப்படியும் ஜெயிக்கலாம். கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

அவள் தம்பியிடம் பேசுவாள் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ரயில் போன மறுநாள்தான் அது உறைத்தது. புதன்கிழமையே சொன்னேனே, சூப்பர்வைசர் எடுத்தானே, அம்மா குரலைக் கேட்டானே என்று அவன் சொல்வான். எப்படிச் சொல்லாமல் இருப்பான்? அவள் திரும்பி வர மாட்டாள் என்று நினைத்தேன். வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வந்தாள். ஒரு மாதம் கழித்து, காலையில், மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். நான் வாங்கிக் கொடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். போனை அணைத்து டப்பாவில் போட்டாள். இனி ஹெட் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

பிறகு ஒரு துணி முடிச்சை மேஜையில் வைத்து அவிழ்த்தாள். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுட்டது. நம் அதிரசம் மாதிரியே இருந்தது.

"தம்பி குடுத்துச்சு. அண்ணாக்குக் குடு சொல்லிச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கோபமா, நன்றியா, களைப்பா... முகத்துக்குக் கீழே கழுத்துதான் இருந்தது.

"சாப்பிடு அண்ணா."

"அப்புறமா சாப்பிடறேம்மா."

"இப்போ சாப்பிடு."

சாப்பிட்டேன். இனிப்பு தெரியவில்லை, மாவு நாக்கில் ஒட்டியது. முடிக்கும்வரை நின்றாள். ஒன்று தின்றதும் இன்னொன்றை என் பக்கம் நகர்த்தினாள். அதையும் தின்றேன்.

"தம்பி உன் பேர் கேட்டுச்சு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"தெரியாது. கேட்டுச்சு, சொன்னேன். ஊர் கேட்டுச்சு, அதும் சொன்னேன்."

துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ரோலருக்குப் போனாள். எதிர்ப்பக்கம் ஏத்வாரி நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஷீட்டின் முனைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, உருளைக்குள் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கம்போல அண்ணா என்றாள். மாடியில் எட்டுப் பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் எதிரில் நின்று தின்ன வைத்தாளா? தம்பி ஒருவேளை ஒன்றுமே சொல்லவில்லையா? கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, எப்போதும் செய்வதையே செய்தேன்: வேலையை விட்டேன். இப்போது செம்பாக்கம் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று கேள்வி. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது.

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எங்கோ ஒரு கிராமத்தில், நான் பார்த்தே இராத ஒருவன், என் பெயரையும் ஊரையும் தெரிந்துவைத்திருக்கிறான். எதற்கு என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு எழுதிய பிறகு மேலே போய்ப் பார்த்தேன். உங்களுக்கு நான் என் பெயரைச் சொல்லவே இல்லை. முதல் வரியே அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன்... இப்போதும் எழுத வரவில்லை.